பிள்ளையின் ‘மூளை வீக்கத்தை’ வற்ற வைக்கிறோம் என்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள்

பிறக்கும்போது மூச்சுத் திணறிய பிள்ளைகளை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். வலிகாமம் பக்கம், வீதியோர மாடிவீடு ஒன்றில் நடக்கும் ‘சிகிச்சை நிலையம்’ என் தங்கச்சியிடம் 1,80,000 ரூபாய் வாங்கிக்கொண்டு செய்த வேலை இது. பெயர் போடவில்லை. முறைப்பாடு விசாரணையில் இருக்கிறது. பெயர்ப்பலகையை மாற்றுவதும் அவர்களுக்குப் பெரிய காரியமில்லை.

தங்கச்சியின் மகனுக்குப் பிரசவம் இழுபட்டு, கடைசியில் வக்கியூம் போட்டுத்தான் எடுத்தார்கள். பிள்ளை அழவில்லை. அன்றிரவே வலிப்பு. ஒட்சிசன் போதாமல் மூளை பாதிக்கப்பட்டிருக்கிறது, வீக்கமும் இருக்கிறது என்றார்கள். பேபி ஐசியூவில் இருந்துவிட்டு, வலிப்பு மருந்தோடு வீட்டுக்கு வந்தான். நோய் நிர்ணய அட்டையில் ‘எச்ஐஈ, கிரேட் 2’ என்று இருந்தது. பிறப்பில் ஒட்சிசன் போதாமல் வரும் மூளைப் பாதிப்பைத்தான் எச்ஐஈ என்கிறார்கள்; கிரேட் 1 லேசானது, 2 நடுத்தரம், 3 கடுமையானது.

நாலாம் மாதமும் கழுத்து நிற்கவில்லை. அந்த நேரம் பார்த்து மாமியின் வாட்ஸ்அப்புக்கு ஒரு வீடியோ. “எங்கட பிள்ளைக்கும் மூளை வீக்கம் எண்டவை, இப்ப ஓடித் திரியிறான்” என்று ஒரு தாய் சொல்கிறார். சுவிஸில் இருக்கும் மச்சான் காசு அனுப்பினார்.

அங்கே வெள்ளை மேற்சட்டை போட்ட ஒருவர் அட்டையை வாங்கி வாசித்துவிட்டு, பிள்ளையின் உச்சிக்குழியில் பெருவிரலை வைத்தார். “தங்கச்சி, நீங்களும் கையை வைச்சுப் பாருங்கோ. துடிக்குதெல்லோ? உள்ளுக்கை வீக்கம் இன்னும் கிடக்கு. விட்டால் மண்டைக்கை தண்ணி கட்டிப்போடும்.” அவள் தொட்டுப் பார்த்தாள். துடிக்கத்தான் செய்தது. அந்த இடத்திலேயே முழுக் காசையும் கட்டிவிட்டாள்.

உச்சிக்குழி எல்லாப் பிள்ளைக்கும் துடிக்கும். அங்கே எலும்பு இன்னும் கூடவில்லை, அதனால் இரத்தத் துடிப்பு வெளியே தெரிகிறது. பெரும்பாலும் ஒன்றரை வயதளவில் மூடிவிடும். அழும்போது கொஞ்சம் மேலெழும்பும், அதுவும் சரிதான். பிள்ளை அழாமல், நிமிர்த்தி வைத்திருக்கும்போதும் புடைத்து இறுகி நின்றால்தான் பயப்பட வேண்டும். அப்போது ஓட வேண்டியது ஆஸ்பத்திரிக்கு.

அடுத்தது, அந்த ‘வீக்கம்’. பிறப்பில் மூச்சுத் திணறி வரும் மூளை வீக்கம் முதல் நாட்களின் பிரச்சினை. உயிருக்கு ஆபத்தான நாட்கள்தான், ஆனால் ஓரிரு கிழமையில் வீக்கம் தானாக வற்றிவிடும். மிஞ்சுவது அதற்குள் செத்துப்போன மூளைக் கலங்களின் பாதிப்பு. அந்தப் பாதிப்பைக் குறைக்க, வசதியுள்ள இடங்களில் பிள்ளையின் உடலை 33–34 பாகை செல்சியசுக்குக் குளிர்வித்து 72 மணித்தியாலம் வைத்திருப்பார்கள். அதையும் பிறந்து 6 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். நாலாம் மாதத்தில் வந்து வீக்கத்தை வற்ற வைக்கிறேன் என்பவர், இல்லாத ஒன்றுக்கு விலை சொல்கிறார்.

அப்படியானால் வீடியோவில் வந்த பிள்ளை? அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. கிரேட் 1 பிள்ளைகள் பெரும்பாலும் தாமாகவே தேறிவிடுவார்கள், கிரேட் 2இலும் பலர் தேறுவார்கள். தேறிய பிள்ளையின் தாயிடம் கமராவை நீட்டுகிறார்கள். தேறாத பிள்ளையின் தாயிடம் யார் நீட்டப்போகிறார்கள்?

காசு போனது ஒருபுறம். லேபல் இல்லாத போத்தலிலிருந்து எண்ணெய் எடுத்து மூக்கில் விட்டிருக்கிறார்கள். விழுங்கவே தடுமாறுகிற பிள்ளை! நுரையீரலுக்குள் போனால் நியூமோனியா. அதைவிட மோசம், “இங்கிலிஷ் மருந்து வீக்கத்தை வத்த விடாது” என்று ஆஸ்பத்திரி தந்த வலிப்பு மருந்தான பீனோபார்பிற்றோனை நிறுத்தச் சொன்னது. அந்த மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு திரும்பும். திரும்பியது. கை கால் உதறவில்லை. வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு, கண் ஒரு பக்கம் செருகி, ஒரு காலை மட்டும் சைக்கிள் மிதிப்பதுபோல அசைத்தான். பார்த்தவர்கள் பாலுக்குத் தேடுகிறான் என்றார்கள். தங்கச்சி நம்பவில்லை, 1990 அம்புலன்ஸ் சேவையைக் கூப்பிட்டாள். அம்புலன்சில் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

காசைத் திருப்பிக் கேட்கப் போனபோது அதே மனிதர் முகம் மாறாமல் சொன்னார்: “இடையிலை நிப்பாட்டினது நீங்கள். வத்திற நேரத்திலை குழப்பிப்போட்டியள்.” ரசீதை எடுத்துப் பார்த்தால் சிகிச்சைக் கட்டணம் என்று எங்கேயும் இல்லை, ‘நன்கொடை’ என்றிருந்தது. நல்ல கெட்டிக்காரர்தான்.

இப்படி ஒரு இடத்துக்குப் போகிறீர்கள் என்றால், முதலில் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். டொக்டர் என்றால் இலங்கை மருத்துவச் சபையில், சித்த, ஆயுர்வேத வைத்தியர் என்றால் ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிவு இருக்க வேண்டும். நாங்கள் கேட்டபோது சுவரில் தொங்கிய பொன்னாடைப் படங்களைத்தான் காட்டினார்கள். ஆஸ்பத்திரி தந்த மருந்தை நிறுத்து என்று சொன்னால், மேற்கொண்டு பேசாமல் எழும்பி வந்துவிடுங்கள்.

மருமகன் இப்போது அரச ஆஸ்பத்திரி கிளினிக்கில் பயிற்சிக்குப் போகிறான், அங்கே காசு வாங்குவதில்லை. பிள்ளையைக் கையை ஊன்ற வைக்கவும் உருள வைக்கவும் தாய்க்கும் பழக்கிவிடுகிறார்கள். அவன் நடப்பானா என்று அங்கே யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. இரண்டு வயதளவில்தான் ஓரளவு தெரியவரும் என்கிறார்கள்.

அதே இடத்தில் காசு கட்டியவர்கள் வேறும் இருக்கிறீர்கள் என்று தெரியும். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு எடுத்தும் முறையிடலாம். ரசீது, போத்தல், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் எறிந்துவிடாதீர்கள். எங்களிடம் போத்தலில் பாதி எண்ணெய் இருக்கிறது, அதையும் கொடுக்கப்போகிறோம்.