"தாயும் தந்தையும் கிளியர்" என்ற தாளை நம்பி நாய்க்குட்டி வாங்கினேன்

மணி இறந்துபோய் ஐந்து வாரம் ஆகிறது. பார்டர் கோலி இன நாய், கருப்பு வெள்ளை, வயது இரண்டேகால். இன்றுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது. அவனை விற்றவர் அடுத்த ஈற்றுக் குட்டிகளுக்கு முன்பணம் வாங்கத் தொடங்கிவிட்டார் என்று தெரிந்த பிறகு தள்ளிப்போட மனம் வரவில்லை.

வாங்கப் போனபோது நான் கேட்ட முதல் கேள்வியே பரம்பரை நோய் பற்றித்தான். இந்த இனத்தில் மூளையைத் தாக்கும் ஒரு நோய் உண்டு என்று படித்திருந்தேன். அவர் தயங்காமல் பிளாஸ்டிக் உறையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து நீட்டினார். ஒன்று தாய்க்கு, ஒன்று தந்தைக்கு. இரண்டிலும் பச்சை எழுத்தில் 'கிளியர்', அதாவது நோய்க்கான மரபணுப் பிழை இல்லை என்று. "ரெண்டு பேரும் கிளியர்னா குட்டிக்கு டெஸ்ட்டே வேண்டாம்" என்றார். அவர் சொன்ன விதி உண்மையான விதிதான். தாள்களைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு குட்டியோடு கிளம்பிவிட்டேன். பச்சை எழுத்தைத் தாண்டி ஒரு வரிகூட ஒழுங்காகப் படிக்கவில்லை.

ஒன்றரை வயது வரை ஒரு குறையும் இல்லை. பந்தை நான் வீசும் முன்பே அது விழப்போகும் இடத்துக்குப் பாய்ந்துவிடுவான். அப்புறம் ஒருநாள் மாடிப்படியின் அடியில் நின்றான். அவன் தினமும் பத்துத் தடவை ஏறி இறங்கும் படி. முன்காலைத் தூக்கினான், அங்கே இல்லாத ஒரு படியின் மேல் வைப்பதுபோல் காற்றில் வைத்தான், இறக்கினான், மறுபடி தூக்கினான். கால் மணி நேரம் இதையே செய்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து அழைத்தபோது என் குரல் வந்த பக்கம் திரும்பினான், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த சில வாரங்களில் பயம் வந்தது. தண்ணீர்க் கிண்ணத்தைப் பார்த்துக் குரைத்தான். வீட்டு ஆட்களையே தெரியாதவர்களைப் போலப் பார்த்து உறுமினான். ஒரு பயிற்சியாளர் வந்து பார்த்துவிட்டு, நாய் அடங்க மறுக்கிறது, கண்டிப்பு போதவில்லை என்றார். அவர் பேச்சைக் கேட்டு நானும் இரண்டு மாதம் கண்டித்தேன். அழிந்துகொண்டிருந்த மூளையோடு என்னிடம் வந்து நின்ற நாயை அதட்டியிருக்கிறேன். இதை நினைத்தால் இன்றும் தூக்கம் வருவதில்லை.

நோயைப் பிடித்தவர் நாங்கள் மூன்றாவதாகப் பார்த்த கால்நடை மருத்துவர். இனத்தையும் வயதையும் கேட்டார், படிக்கட்டுக் கதையை முழுதாகக் கேட்டார், நடக்கவிட்டுப் பார்த்தார். ஸ்கேனில் மூளை சுருங்கியிருந்தது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி ஸ்வாப் எடுத்து அனுப்பினார். முடிவு வந்தது: சி.எல்.என்.5 மரபணுவில் பிழை, இரண்டு பிரதியிலும்.

நோயின் பெயர் நியூரோனல் சீராய்டு லிப்போஃபஸ்சினோசிஸ், சுருக்கமாக என்.சி.எல். ஒவ்வொரு செல்லிலும் கழிவைச் சிதைத்து அப்புறப்படுத்தும் லைசோசோம் என்ற சிறு பை இருக்கிறது. அந்த வேலைக்குத் தேவையான ஒரு புரதத்துக்கான குறிப்புதான் சி.எல்.என்.5 மரபணு. அதில் ஒரே ஓர் எழுத்து மாறிப்போனதால் புரதம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. கழிவு நரம்பு செல்களில் தேங்குகிறது, செல்கள் சாகின்றன. குழந்தைகளுக்கு வரும் பேட்டன் நோயும் இதே குடும்பம்தான். பார்டர் கோலியில் இது பெரும்பாலும் ஒன்றரை வயதை ஒட்டித் தலைகாட்டும், இரண்டரை வயதைத் தாண்டுவது அரிது. குணப்படுத்த மருந்து இல்லை. ஆனால் இந்தப் பிழையை 2005இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். இணை சேர்க்கும் முன் இரண்டு நாய்களுக்கும் ஸ்வாப் எடுத்திருந்தால் மணிக்கு இந்த நோய் வந்திருக்காது.

இப்போது கணக்குக்கு வருகிறேன், ஏமாற்று வெளிப்பட்டதே இந்தக் கணக்கில்தான். நாய்க்கு ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதி: ஒன்று தாய் தந்தது, ஒன்று தந்தை தந்தது. பிழையான பிரதி ஒன்று மட்டும் இருந்தால் நாய் நன்றாகவே இருக்கும், அதைக் கேரியர் என்பார்கள். இரண்டும் பிழையானால்தான் நோய். மணிக்கு இரண்டும் பிழை. அப்படியென்றால் தாயும் ஒன்று கொடுத்திருக்கிறாள், தந்தையும் ஒன்று கொடுத்திருக்கிறான். ஒரே ஒருவர் உண்மையில் கிளியராக இருந்திருந்தாலும் மணி அதிகபட்சம் கேரியராகத்தான் பிறந்திருப்பான். ஆக, என் கையில் இருந்த இரண்டு தாள்களில் ஒன்றுகூட அவன் பெற்றோரைப் பற்றி உண்மை சொல்லவில்லை.

அன்றிரவு அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தாயின் தாளில் 'கிளியர்' என்றிருந்தது, ஆனால் சோதித்த நோய் வேறு. அது கோலி இனங்களுக்கு வரும் கண் குறைபாட்டுக்கான சோதனை. தந்தையின் தாளில் நோய் சரியாகவே இருந்தது, ஆனால் நாயின் தோலுக்கடியில் பொருத்தும் அடையாள மைக்ரோசிப்பின் எண் இருக்க வேண்டிய கட்டம் காலி. மாதிரி எடுத்தவர் என்ற இடத்தில் 'உரிமையாளர்' என்று இருந்தது. அதாவது அந்த ஸ்வாப் எந்த நாயின் வாயிலிருந்து வந்தது என்பதற்கு விற்றவரின் வார்த்தை ஒன்றுதான் சாட்சி. ஆய்வகம் பொய் சொல்லவில்லை. அதற்கு வந்த எச்சிலைச் சோதித்துச் சொன்னது, அவ்வளவுதான்.

விற்றவரிடம் பேசினேன். முதலில் தீவனம் காரணம் என்றார். பிறகு தடுப்பூசி என்றார், பிறகு குட்டியாக இருந்தபோது கீழே போட்டிருப்பீர்கள் என்றார். மரபணுவின் எழுத்தைத் தீவனம் மாற்றாது. சரி, பெற்றோர் இருவருக்கும் என் செலவிலேயே மருத்துவர் முன்னிலையில் ஸ்வாப் எடுப்போம், மணி அவர்கள் குட்டிதானா என்றும் டிஎன்ஏ ஒப்பிட்டுப் பார்ப்போம் என்றேன். அதோடு பேச்சு நின்றது. இரண்டு நாள் கழித்து ஒரு செய்தி மட்டும் வந்தது: அதே ஜோடியின் அடுத்த ஈற்றில் ஒரு குட்டி இலவசமாகத் தருகிறாராம். கேரியர் இரண்டைச் சேர்த்தால் பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு. அந்த ஜோடியைத்தான் திரும்பவும் சேர்க்கப் போகிறார்.

குட்டி வாங்கப் போகிறவர்களே, தாளில் நோயின் பெயரோடு மரபணுவின் பெயரையும் படியுங்கள். என்.சி.எல். என்ற ஒரே பெயருக்குக் கீழே இனத்துக்கு இனம் மரபணு மாறும். பார்டர் கோலிக்கு சி.எல்.என்.5, இங்கிலீஷ் செட்டருக்கு சி.எல்.என்.8, டாக்ஸ்ஹண்டுக்கு வேறு இரண்டு. தவறான மரபணுவைச் சோதித்தால் நோயுள்ள நாய்க்கும் 'கிளியர்' என்றுதான் வரும். தாளில் இருக்கும் 15 இலக்க சிப் எண்ணை நாயின் தோளுக்கு மேல் ஸ்கேனரை வைத்து உங்கள் கண் முன்னால் ஒப்பிடச் சொல்லுங்கள். மறுத்தால் குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். முடிந்தால் குட்டிக்கே ஸ்வாப் எடுங்கள், இந்த நோயைப் பொறுத்தவரை முடிவு பிறந்த நாளிலிருந்து மாறாது.

'எபிலெப்ஸி கிளியர்' என்று யாராவது பார்டர் கோலியை விற்றால் அது வெறும் வாய்ச்சொல். இந்த இனத்தில் சாதாரணமாக வரும் வலிப்புக்கு அப்படி ஒரு ஒற்றைச் சோதனை கிடையாது. ஜெர்மன் ஷெப்பர்டில் பின்னங்கால்கள் மெல்லச் செயலிழக்கும் டீஜெனரேட்டிவ் மயலோபதிக்கு எஸ்.ஓ.டி.1 சோதனை இருக்கிறது. ஆனால் அதில் இரண்டு பிழை வந்தாலும் நோய் வந்தே தீரும் என்று பொருளில்லை, ஆபத்து அதிகம் என்று மட்டும்தான் பொருள். அதைக் காட்டி யாராவது பயமுறுத்தி வேறு எதையாவது விற்க வந்தால் அதையும் நம்ப வேண்டாம். கேரியர் என்று வந்த நாயை ஒதுக்கவும் வேண்டாம். அதற்கு இந்த நோய் வராது. நேர்மையாகச் சோதித்த கிளியர் நாயோடு சேர்த்தால் குட்டிகளுக்கும் வராது. கேரியரைச் சொல்லாமல் மறைப்பதுதான் குற்றம்.

மணியோடு சேர்த்து அந்த ஈற்றில் பிறந்தவை மொத்தம் ஆறு. மூன்று வீடுகளைத் தேடிப் பிடித்துவிட்டேன். ஒரு பெட்டை கிளியர், ஒருத்தி கேரியர். மூன்றாவது வீட்டில், நாய் சில நாட்களாகப் படியேறத் தயங்குகிறது என்றார்கள். ரிப்போர்ட் அடுத்த வாரம் வரும். மீதி இரண்டும் ஆண் குட்டிகள், கருப்பு வெள்ளை, ஒன்றுக்கு இடது காது மட்டும் முழு வெள்ளை. அவை யாரிடம் இருக்கின்றன என்று இன்னும் தெரியவில்லை. உங்களிடம் இருந்தால் இணை சேர்க்கும் முன் தயவுசெய்து ஸ்வாப் எடுத்துவிடுங்கள். மணியின் ரிப்போர்ட்டை நான் அனுப்பித் தருகிறேன்.