ரெமோ அம்பாசிடர் கோட்டட் 14 அங்குலம்: ஒற்றை ஸ்நேருக்கு ஏற்ற தோல்

தாளக் கணக்கே வைக்காமல் முழுக்க மனோதர்மத்தில் ஓடும் ஃப்ரீ ஜாஸுக்குப் பெரிய ட்ரம் செட் வேண்டுமென்றில்லை. டச்சு ட்ரம் கலைஞர் ஹான் பென்னிங்க் ஒரேயொரு ஸ்நேரோடு (கீழ்த்தோலில் கம்பிச் சரம் ஒட்டிய சிறு ட்ரம்) முழுக் கச்சேரியும் வாசிப்பவர். 1942இல் நெதர்லாந்தின் சான்டாமில் பிறந்த அவர் முதலில் தட்டிப் பழகியது குசினிக் கதிரையில். 1964இல் அமெரிக்க ஜாஸ் கலைஞர் எரிக் டொல்பியோடு வாசித்தார். 1967இல் பியானோ கலைஞர் மிஷா மெங்கல்பெர்க், சாக்ஸபோன் கலைஞர் வில்லெம் புரொய்க்கர் இருவரோடும் சேர்ந்து ஐ.சி.பி. (இன்ஸ்டன்ட் கம்போசர்ஸ் பூல்) என்ற இசை அமைப்பைத் தொடங்கினார். தோலில் குதிக்காலை ஊன்றிச் சுருதியை ஏற்றி இறக்குவது அவருடைய தனி வித்தை.

அப்படி வாசிக்க ரெமோ நிறுவனத்தின் இந்த அம்பாசிடர் கோட்டட் தோல் நன்றாக ஒத்துழைக்கிறது. 10 மில் தடிப்பு (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), ஒற்றைப் படலம். முழங்கையால் அழுத்தினால் சுருதி உடனே ஏறும். இரட்டைப் படலத் தோல்களில் இந்த நெகிழ்வு குறைவு. மேலே உள்ள சொரசொரப்பான வெள்ளைப் பூச்சில் பிரஷ் (தடிக்குப் பதில் பிடிக்கும் கம்பித் தூரிகை) உரசல் தெளிவாகக் கேட்கும், ஈரப் பெருவிரலை இழுத்தால் முனகும். மாரியில் தவில் தோல் தளர்வதுபோல இது தளராது, பிளாஸ்டிக் அல்லவா.

பூட்டும்போது அவசரம் கூடாது. பழைய தோலைக் கழற்றி, மர விளிம்பில் படிந்த தூசியைத் துடையுங்கள். எல்லா ரொட்டுகளையும் (தோலை இறுக்கும் மரையாணிகள்) விரலால் மட்டும் இறுக்கிய பிறகே ட்ரம் திறப்பை எடுங்கள். எதிரெதிர் ரொட்டுகளாக அரைச் சுற்று வீதம் போகவேண்டும். வரிசையாகச் சுற்றி இறுக்கினால் வளையம் ஒரு பக்கம் சரிந்து, தோல் சுருங்கும், பிறகு எந்தச் சுருதியும் நிற்காது. நடுவில் உள்ளங்கையால் அழுத்தும்போது மொறுமொறுவென்று சத்தம் வந்தால் பயப்படவேண்டாம், பசை இளகுகிறது. ஒவ்வொரு ரொட்டுக்கும் ஓர் அங்குலம் உள்ளே தட்டிச் சுருதியை ஒப்பிடுங்கள். மத்திம இறுக்கத்தில் விடுங்கள். கூட இறுக்கினால் முழங்கை அழுத்தம் வேலை செய்யாது.

குறை ஒன்று உண்டு. பூச்சு நடுவில் முதலில் தேயும், அங்கே பிரஷ் சத்தம் செத்துவிடும். தடி நுனியால் குத்தினால் விழும் குழியும் போகாது. கீழ்த்தோல் வேறு வகை, 3 மில்தான்; அதில் தடி படவே கூடாது.

யாழ்ப்பாணக் கரையோரத்தில், குருநகர், பாசையூர்ப் பக்கம் உப்புக்காற்றில் ரொட்டுகள் துருப்பிடிக்கும். தோல் மாற்றும்போதே மரைகளில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள்.