பூங்கா நகர் ஸ்டேஷன் இல்லாமல் போய்வந்த நாட்கள்

சென்னையில், திருவான்மியூரில் ஏறிப் பூங்கா நகரில் இறங்குவது எனக்குப் பத்து வருடப் பழக்கம். பெரும்பாலும் தூண்கள் மேல் ஓடும் பறக்கும் ரயிலில் வருகிறேன் என்றால் ஆபீஸில் சிரிப்பார்கள், "அதுல ஆள் ஏறுதா?" என்று. காலையிலும் சாயங்காலமும் ஏறும். மற்ற நேரத்தில் அந்தப் பெரிய பெரிய கான்கிரீட் கூடங்களில் நம் செருப்புச் சத்தம்தான் நமக்குத் துணை.

பூங்கா நகர் அப்படியில்லை. தரையோடு இருக்கிற, ஆரவாரமில்லாத ஸ்டேஷன். பக்கத்திலேயே தாம்பரம் வண்டிகள் நிற்கும் பூங்கா ஸ்டேஷன். பெயரில் ஒரு 'நகர்'தான் வித்தியாசம், புதிதாக வருகிறவர்கள் குழம்பாமல் இருந்ததில்லை. இறங்கினால் ஜி.எச்., அதாவது அரசு பொது மருத்துவமனை; சாலையைத் தாண்டினால் சென்ட்ரல்.

2023 ஆகஸ்ட் 27, ஞாயிற்றுக்கிழமை மூடினார்கள். கடற்கரை, எழும்பூர் ஸ்டேஷன்களுக்கு நடுவே நாலாவது ரயில் பாதை போடுவதற்காக, வேளச்சேரியிலிருந்து வரும் எங்கள் வண்டிகள் ஒரு ஸ்டேஷன் முன்னால், சிந்தாதிரிப்பேட்டையோடு திரும்பின. ஏழு மாதம் என்றார்கள். நானும் மார்ச் மாதத்துக்கு வட்டம் போட்டு வைத்தேன்.

முதல் வாரம் ஷேர் ஆட்டோ. ஆறு பேர் சேரும்வரை கிளம்பாது. அப்புறம் ஓமந்தூரார் மருத்துவமனைப் பக்கம் நடந்து, மெட்ரோவில் ஒரே ஒரு ஸ்டேஷன். சுகம்தான், ஏ.சி. வேறு. ஆனால் ஒரு தடவைக்கு 10 ரூபாய். போக வர 20, மாதம் 25 நாள் வேலை என்றால் 500. என் சீசன் டிக்கெட்டே அவ்வளவு வராது! அதனால் மழையில்லாத நாளெல்லாம் நடைதான்.

எனக்காவது கால் இருக்கிறது. ஒருநாள் சிந்தாதிரிப்பேட்டை படிக்கட்டில் ஒரு பாட்டி, மஞ்சள் பையில் ஜி.எச். சீட்டோடு உட்கார்ந்திருந்தார். "ஜி.எச். வந்துருச்சாப்பா?" வரவில்லை பாட்டி, இங்கிருந்து பஸ் என்றேன். "முன்னல்லாம் நேரா போய் நிக்குமே" என்றார். பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். ஒரு ஸ்டேஷனில் எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று எண்ணுகிறவர்கள், யார் இறங்குகிறார்கள் என்றும் பார்த்தால் தேவலை.

ஏழு மாதம் பதினான்கானது. 2024 அக்டோபர் 29, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் கடற்கரை வரை மறுபடி வண்டி விட்டார்கள். அன்றைக்குச் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்காமல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தேன். வண்டி வேகம் குறைந்தது, பூங்கா நகர் பெயர்ப்பலகை தெரிந்தது, நிற்காமலே போய்விட்டது. அங்கே வேலை முடியவில்லை, நிற்காது என்று முன்னமே அறிவித்திருந்தார்களாம். நான்தான் படிக்கவில்லை. அடுத்த ஸ்டேஷன் கோட்டையில் இறங்கி வந்த வழியே திரும்பி நடந்தேன்.

பிறகு அங்கேயும் நிற்க ஆரம்பித்தது. நான் பழையபடி இறங்குகிறேன். எங்கள் பெட்டியில் சேர்ந்து வருகிற ஐந்து பேரில் இரண்டு பேர்தான் திரும்பி வந்தோம். ஒருத்தர் மெட்ரோவுக்கே பழகிவிட்டார். ஒருத்தர் வேலையை மாற்றிக்கொண்டார். இன்னொருத்தர் பைக் வாங்கிவிட்டார். தவணை இன்னும் முடியவில்லையாம்.