நியூ இங்கிலாந்து ஆஸ்டரா, நறுமண ஆஸ்டரா?

வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இவ்விரு பல்லாண்டுச் செடிகளும் குளிர்காலத்துக்குச் சற்று முன்புதான் பூக்கும்.

நியூ இங்கிலாந்து ஆஸ்டர், ஈரம் காக்கும் வளமான மண்ணிலும் முழு வெயிலிலும் ஆறடி வரை ஓங்கி வளர்ந்து, மெக்சிகோவை நோக்கிப் பறக்கும் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகளுக்குச் செப்டம்பரில் தேன் தருகிறது. ஆனால் வேலை வாங்கும் செடி அது. ஜூலைத் தொடக்கம் வரை நுனிகளைக் கிள்ளிவிடாவிட்டால் தண்டுகள் மழையில் சாய்ந்துவிடும். காற்றோட்டம் குறைந்தால் சாம்பல் நோய் இலைகளில் வெள்ளைப் பொடியாகப் படியும். பூக்கும் வேளையில் அடியிலைகள் கருகி உதிர்ந்து தண்டின் கீழ்ப்பகுதி மொட்டையாக நிற்பதால், முன்னே குட்டைச் செடிகளை நட்டு மறைப்பார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வசந்தத்தில் தூர் பிரித்து நடுவதும் உண்டு.

நறுமண ஆஸ்டர் மூன்றடியைத் தாண்டுவது அரிது. வறண்ட, கல் கலந்த மண்ணே அதற்குப் போதும்; உரத்தை அள்ளிப் போட்டால்தான் துவண்டு சரியும். கசக்கினால் மணக்கும் அதன் இலைகளை நோய் எளிதில் அண்டாது. ஊதாநீலப் பூக்கள் அக்டோபர் இறுதியிலும் நிற்கும். புதிதாகத் தொடங்குவோருக்கு நான் இதையே சொல்வேன், நீர் தேங்கும் தாழ்நிலம் நீங்கலாக. அங்கே இதன் வேர் அழுகிவிடும்.