மணிலாவில் மசாலா விற்க அமர்த்திய விளம்பர நிறுவனம்

மணிலா பெருநகரத்தின் மகாட்டியில் சிறிய மசாலாக் கடை நடத்துகிறேன். வாங்குபவர்களில் பெரும்பாலோர் பிலிப்பினோக்கள். இணைய விளம்பரத்துக்காக கெசான் சிட்டியில் உள்ள ஒரு சின்ன நிறுவனத்தை அமர்த்தினேன்.

அவர்கள் முதலில் மாற்றியது நாட்காட்டியை. கிறிஸ்துமஸ் விளம்பரத்தை செப்டம்பரிலேயே தொடங்கினார்கள். இங்கே அந்த மாதம் பிறந்ததுமே கடைகளில் கிறிஸ்துமஸ் பாட்டு ஒலிக்கும். மற்ற மாதங்களில் சலுகைகளை 15ஆம் தேதியையும் மாதக் கடைசியையும் ஒட்டி வைத்தார்கள், சம்பளம் வரும் நாட்கள் அவை. டிசம்பர் 24க்குள் பதின்மூன்றாம் மாதச் சம்பளம், அதாவது ஆண்டுக்கு ஒருமுறை கூடுதலாகத் தரும் ஒரு மாதச் சம்பளம், தரவேண்டும் என்று 1975இல் வந்த ஆணை சொல்கிறது. அந்தப் பணம் கைக்கு வரும் சமயத்தில் எங்கள் பரிசுப் பெட்டிகள் முன்னால் நின்றன. அருமையான திட்டம்.

காணொளியில் ஒரு பாட்டி பேரனுக்கு அடோபோ என்ற வினிகர் சேர்த்த இறைச்சிக் குழம்பு சமைக்கிறார், நம் மிளகைப் போட்டு. பேச்சு மணிலாப் பக்கத்து மொழியான டாகாலொக்கும் ஆங்கிலமும் கலந்தது. குடும்பப் பாசம் இங்கே எவ்வளவு தூரம் போகும் என்பதை இங்குள்ள துரித உணவு நிறுவனமான ஜாலிபீயின் 2017 காதலர் தினக் குறும்படங்களே காட்டிவிட்டன. விலை கேட்பவர்களுக்கு மெசஞ்சரில் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். ஜிகேஷ் என்ற கைபேசிப் பணப்பை, பொருள் வந்தபின் பணம் என இரண்டு வழியும் வைத்தார்கள்.

ஒரு குறை. தெற்கே உள்ள செபு, டாவோ நகரங்களுக்கும் அதே டாகாலொக் விளம்பரத்தையே அனுப்பினார்கள். அங்கே பெரும்பாலான வீடுகளில் பேசுவது செபுவானோ. கேட்ட பிறகு தனியாகச் செய்து தந்தார்கள், ஆனால் கூடுதல் கட்டணம் வாங்கினார்கள். இது சரியில்லை. அமர்த்துவதற்கு முன்பே இதைப் பேசி ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.