ஒளிரும் 'பனியில் வேட்டைக்காரர்கள்' சுவர்ப்படம்: பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

ஐரோப்பிய ஓவியர் பீட்டர் புரூகல் 1565-ல் வரைந்த 'பனியில் வேட்டைக்காரர்கள்' ஓவியத்தை, பின்னால் எல்இடி விளக்கு வைத்த சுவர்ப்படமாக ஆன்லைனில் விற்கிறார்கள். அப்படி ஒன்றை வாங்கி நான் ஏமாற்றப்பட்டேன். அதே போட்டோவும் அதே வாசகங்களும் வேறு வேறு கடைப் பெயர்களில் வருவதைப் பிறகு பார்த்தேன். அதனால் பெயரைச் சொல்லாமல், எதைப் பார்த்துத் தவிர்க்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

'மூல ஓவியத்தின் துல்லியமான நகல், 4 அடி அகலம்' என்பது விளம்பரம். கூடத்துச் சுவரில் முழு ஓவியமும் அழகாக ஒளிரும் போட்டோவும் இருந்தது. முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள்.

பெட்டியைப் பிரித்ததுமே வடிவம் தப்பாக இருந்தது. மூல ஓவியம் வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓக் பலகையில் எண்ணெய் வண்ணம். சுமார் 162 செ.மீ. அகலம், 117 செ.மீ. உயரம். அந்தக் கணக்கில் 4 அடி அகலத்துக்கு 3 அடிக்குச் சற்றுக் குறைவான உயரம் வர வேண்டும். எனக்கு வந்ததோ 2 அடி உயரம். படத்தை மேலிருந்து கீழாக நசுக்கி அச்சிட்டிருக்கிறார்கள். நெடுநெடுவென்று நிற்க வேண்டிய மொட்டை மரங்கள் குட்டையாகி, வேட்டைக்காரர்கள் மூவரும் பருத்துப்போயிருந்தார்கள். அளவைக் கேட்டு, அகலத்தை உயரத்தால் வகுத்துப் பாருங்கள். இந்த ஓவியத்துக்கு 1.4-க்கு மிக அருகில் வர வேண்டும்.

நிறத்தில் செய்தது அதைவிடக் கொடுமை. இந்த ஓவியத்தின் உயிரே அந்தச் சாம்பல் கலந்த பச்சை வானம்தான். உறைந்த குளங்களிலும் அதே நிறம்தான். வேட்டை சரியாக அமையாத நாள் அது. மூன்று பேரும் சேர்ந்து கொண்டுவருவது ஒரே ஒரு நரி. நாய்கள் தலை தொங்க நடக்கின்றன. கீழே பள்ளத்தில் ஊர் ஜனங்கள் பனிக்கட்டி மேல் சறுக்கி விளையாடுகிறார்கள். மேட்டில் இருக்கும் களைப்பும் பள்ளத்தில் இருக்கும் குதூகலமும் ஒரே குளிருக்குள் அடங்குவது அந்த மங்கிய நிறத்தால்தான். எனக்கு வந்த படத்தில் வானம் பளீர் நீலம். போதாததற்கு வீட்டு ஜன்னல்களில் மஞ்சள் விளக்கு எரிகிறது! புரூகல் அப்படி எதையும் வரையவில்லை. அவர் நெருப்பு வைத்தது இடப்பக்கம் சத்திரத்து வாசலிலும், தூரத்தில் தீப்பிடித்த ஒரு புகைபோக்கியிலும். அந்தப் புகைபோக்கியும் அதை அணைக்க ஏறும் ஆட்களும் வெறும் கறையாகத் தெரிந்தார்கள். பறக்கும் மாக்பை பறவையைக் காணவே காணோம்.

நல்ல படம் கிடைக்கவில்லை என்று அவர்கள் சொல்ல முடியாது. ஓவியத்துக்குக் காப்புரிமை இல்லை. 2018-ல் வியன்னாவில் புரூகல் கண்காட்சி நடந்தபோது, மிக நுணுக்கமாகப் பெரிதாக்கிப் பார்க்கும் படங்களை அந்த அருங்காட்சியகமே இணையத்தில் வைத்தது. இவர்கள் ஏதோ சின்ன கோப்பை இழுத்துப் பெரிதாக்கி, மேலே வண்ணமும் ஏற்றியிருக்கிறார்கள்.

சரி, விளக்காவது ஒழுங்காக இருந்ததா? அதுவும் இல்லை. பின்னொளிக்கு என்றே உள்ள, ஒளி ஊடுருவும் ஃபிலிமிலோ துணியிலோ மை அடர்த்தியாக அச்சாக வேண்டும். எல்இடி பட்டைக்கும் படத்துக்கும் நடுவே ஒளியைப் பரப்பும் தகடு வேண்டும். வந்தது சாதாரண ஃப்ளெக்ஸ். பின்னால் நேராக ஒட்டிய பட்டை. சுவிட்சைப் போட்டால் வானம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். அடாப்டர் தொட முடியாத அளவுக்குச் சுட்டது. அதில் பிஐஎஸ் (இந்திய அரசின் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் இல்லை, 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இல்லை. அதற்குப் பிறகு நான் அதைப் பிளக்கில் செருகவே இல்லை. ஏற்கெனவே வாங்கி மாட்டியிருப்பவர்கள் தயவுசெய்து அடாப்டரை முதலில் பாருங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னும் அவசரம்.

புகார் சொன்னபோது 'விளக்குப் படத்தில் நிறம் மாறத்தான் செய்யும்' என்றார்கள். அப்புறம் 'ஆர்டரின் பேரில் அச்சிட்டது, ரிட்டர்ன் கிடையாது' என்றார்கள். நான் எழுதிய விமர்சனத்தை நீக்கினால் கொஞ்சம் பணம் தருவதாகவும் பேரம் பேசினார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. 2020-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரப்படுத்திய தன்மைகள் இல்லாத பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பெட்டி பிரித்த வீடியோ, டேப் வைத்து அளந்த போட்டோ எல்லாவற்றையும் சேர்த்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்தேன்.

அதன் பிறகு பொருளை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பினார்கள். அனுப்பும் செலவை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். அதற்கான புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது. அந்த விளம்பரம் அதே போட்டோவோடு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.