ஒரு சிலிண்டர், ஒரு இன்டக்ஷன்: கொழும்புத் தொடர்மாடிக் குசினியில் நீண்டகாலப் பாவனை

2022இல் காஸுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, மார்ச் கடைசியில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு. விறகு மூட்ட முற்றம் இல்லாத தொடர்மாடி வீடுகள்தான் அப்போது அதிகம் திண்டாடின. அதன்பிறகு கொழும்பில் பல குசினிகளில் 12.5 கிலோ சிலிண்டரோடு இன்டக்ஷன் அடுப்பும் இடம்பிடித்துக்கொண்டது. இரண்டையும் வருடக்கணக்கில் பாவித்தால் தெரியவருபவை இவை.

சிலிண்டர் வந்து இறங்கியதும் நிறுத்துப் பாருங்கள். வெற்றுச் சிலிண்டரின் எடை அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கும், அதோடு 12.5ஐக் கூட்டினால் வரவேண்டிய எடை. உடல் எடை பார்க்கும் தராசு போதும். இடையில் எவ்வளவு மிச்சம் என்பதற்கும் இதே கணக்குத்தான். தூக்கி ஆட்டிப் பார்ப்பது வெறும் ஊகம்.

3 கிலோவாட் பெரிய பர்னர் முழுத் தீயில் மணிக்கு ஏறக்குறைய 235 கிராம் காஸ் குடிக்கும். பிட்டுக்கு ஆவி கிளம்பிய பின்னும் அதே தீயில் விடுவது விரயம். தண்ணீர் வேகமாக வற்றுமே தவிர பிட்டு சீக்கிரம் அவியாது. சின்ன பர்னருக்கு மாற்றிவிடுங்கள். சுவாலை மஞ்சளானால், பானையடி கறுத்தால், கஞ்சி வழிந்து பர்னர் துளைகள் அடைபட்டிருக்கும். ஊசியால் குத்தி, கழுவி, நன்றாக உலர்த்திய பிறகே மாட்டுங்கள்.

2021 நவம்பர், டிசம்பரில் காஸ் வெடிப்புகள் அடுத்தடுத்து நடந்தபோது புரொப்பேன், பியூட்டேன் கலவை பற்றித்தான் எங்கும் பேச்சு. புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். வால்வும் ரெகுலேட்டரும் சேரும் இடத்தில் தேய்ந்த வொஷர் இருந்தால் அங்கேதான் முதலில் கசியும். எனவே ஒவ்வொரு முறை சிலிண்டர் மாற்றும்போதும் அந்த இடத்திலும் ஹோஸின் இரு முனைகளிலும் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள். குமிழி வந்தால் பற்றவைக்க வேண்டாம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடற்காற்றில் சாதாரண இரும்புக் கிளிப் சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகுக் கிளிப் வாங்குங்கள்.

இந்தக் காஸ் காற்றைவிடப் பாரமானது, தரையோடு தேங்கும். மேல் ஜன்னல் திறந்திருக்கிறது என்று நம்பி சிலிண்டரை மூடிய அலுமாரிக்குள் வைப்பது தவறு. அடியில் காற்றுப்போக வழி வேண்டும். மணம் வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடிப் பல்கனிக் கதவைத் திறவுங்கள். சிலிண்டர் முடியும் தறுவாயில் மணம் சற்றுத் தூக்கலாக வரும். மணமூட்டும் பொருள் மெதுவாக ஆவியாவதால் கடைசியில் செறிந்துவிடுகிறது. அதற்காக மணத்தை அலட்சியம் செய்ய வேண்டாம். முதலில் நுரைச் சோதனை.

இன்டக்ஷனுக்கு 13 அம்பியர் சதுரப்பின் சொக்கட் வேண்டும். 2000 வாட் அடுப்பு ஏறக்குறைய 9 அம்பியர் இழுக்கும். பழைய வீடுகளின் 5 அம்பியர் உருண்டைப்பின் சொக்கட்டில் அடப்டர் போட்டுக் கொடுத்தால் உருகும். அலுமினியச் சட்டி, மண்சட்டி எதுவும் சூடாகாது. காந்தம் ஒட்டும் தட்டை அடிப் பாத்திரமே சரி.

பெரிய குறை சொதியில்தான். பல மலிவான மாடல்கள் குறைந்த சூட்டில் தொடர்ந்து இயங்காமல் சில விநாடி முழு வேகம், சில விநாடி ஓய்வு என்று மாறிமாறி ஓடும். தேங்காய்ப்பால் திரைந்துவிடும். சொதி, பாற்கறி, தாளிதம் காஸில். தண்ணீர் கொதிக்கவைப்பது, பருப்பு, கடலை இன்டக்ஷனில் என்பதே எங்கள் பிரிப்பு.

செலவு? 12.5 கிலோ காஸின் வேலையை இன்டக்ஷன் ஏறக்குறைய 95 யூனிட்டில் முடிக்கும். யூனிட் விலை படிநிலையாக ஏறுவதால் அந்த 95 உங்களை எந்தப் படியில் தள்ளுகிறது என்பதே கேள்வி. மாதம் 60 யூனிட்டுக்குள் நிற்கும் வீடு அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே கட்டணம் மாறும்; அங்கே காஸையே முதன்மையாக வைத்துக்கொள்ளலாம்.

பழைய மண்ணெண்ணெய் அடுப்பைத் திரும்ப எடுக்க நினைப்பவர்களுக்கு: உலக சுகாதார நிறுவனத்தின் 2014 வழிகாட்டல் வீட்டுக்குள் அதன் பாவனையையே ஊக்குவிக்கவில்லை.

இன்டக்ஷனைப் பாவித்தவுடன் பிளக்கைக் கழற்றாதீர்கள், விசிறி நிற்கட்டும். இரவில் அடிப்பக்கக் காற்றுத்துளைகளை மெல்லிய வலையால் மூடுங்கள், காலையில் எடுத்துவிடுங்கள். இளஞ்சூட்டுக்குக் கரப்பான் உள்ளே குடியேறினால் சர்க்கிட் பலகை போனதுதான்.